மே மாதம் இன்னும் திரும்பி வரவில்லை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் புவாத் நாநா கடை வைத்திருந்தார். முன்பக்கம் கொப்பி, பேனை, போட்டோக் கொப்பி மெஷின். பூப்போட்ட ஒரு திரைக்குப் பின்னால் வாடகைக்கு விடும் புத்தகங்கள். திரையை விலக்கிக்கொண்டு வயசுப் பிள்ளைகள் உள்ளே போவதைப் பார்த்துச் சந்தில் நடப்பவர்கள் சந்தேகப்படுவதுண்டு. உள்ளே அநியாயம் நடந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நினைத்த வகை அல்ல. நாநா அங்கே புத்தகங்களை வெட்டினார்.

அதற்கு அவரிடம் நியாயமும் இருந்தது. திருச்சிக்குப் புடவை எடுக்கப் போன அவருடைய மச்சான், புடவைக் கட்டு குலையாமல் இருக்க நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தது ஒரு தடித்த நாவல். அறுநூறு பக்கம். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி பழுதான லிப்டில் ஏறிக் காலம் மாறிப் போகும் கதை. வந்த முதல் வாரமே பதினாலு பேர் கேட்டார்கள். ஒருத்தி கொண்டுபோனால் ஒரு மாதத்துக்குத் திரும்பாது. ஆகவே, காகிதம் வெட்டும் மெஷினில் வைத்து நாநா அதைப் பன்னிரண்டு துண்டாக்கினார். கீழோரம் கோணலாக இருந்ததால் அங்கேயும் ஒரு வெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காலண்டர் தாளை அட்டையாகப் போட்டுத் தைத்தார். கோழித் தீவனக் கம்பனி ஒன்றின் பழைய காலண்டர் அது. மாதத்துக்கு ஒரு கோழி.

அன்றோடு அந்த நாவலுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. தலைப்புத் தாளும் முன்னமே புடவைக் கட்டில் கிழிந்துபோயிருந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது.

"நாநா, பெப்ரவரி வந்திருச்சா?"

"பெப்ரவரி வெளிய போயீக்கு. ஜூன் ஈக்கு, தரவா?"

"ஐயோ, ஜூன் படிச்சிட்டேன். மார்ச்ச யாருங்க வச்சிருக்கா?"

இந்தப் பேச்சைத் திரைக்கு வெளியில் நின்று கேட்டவர்கள், சந்தேகத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று முடிவு செய்தார்கள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தக் கதையைக் கொண்டுவந்தவள் சஜீவனி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அதாவது, வீட்டில் எல்லாருடைய வேலையையும் அவளே செய்துகொண்டிருந்தாள். அவளிடமிருந்து பிடுங்கிப் படித்தவன் தம்பி ஜீவராஜ். இருவருக்கும் பதினோரு மாத வித்தியாசம். "பதினோரு மாசத்துக்கெல்லாம் அக்கான்னு கூப்பிட முடியாது. ஒரு வருசமாவது இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்பான். அதற்காக "வாடி, போடி" என்று கூப்பிட்டு, மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவிடம் அடி வாங்குவான்.

கதை இதுதான். யாமினி என்ற பெண்ணின் சிநேகிதன் அருள், ஒரு புயல் நாளில் மதில் இடிந்து செத்துப்போகிறான். அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் ஒரு பழுதான லிப்ட் இருக்கிறது. எந்த மாடியின் பொத்தானை அமுக்குகிறாளோ, அத்தனை நாள் பின்னால் போய் நிற்கும். அவள் போய் அவனை மதிலிலிருந்து காப்பாற்றுவாள். அவன் கிணற்றில் விழுவான். மறுபடி போய்க் கிணற்றை மூடுவாள். மாங்கொட்டை தொண்டையில் சிக்கும். கிணற்றை மூடி மாங்காயையும் பிடுங்கி எறிந்தால், எருமை முட்டும்.

"செத்தவன இத்தன தடவ சாகடிக்கிறாளே, அந்தப் புள்ளைக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டாள் அம்மா மதலேனா. மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஈரக் காலோடு லயத்து வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பாள். வேண்டாத கதை என்று திட்டிக்கொண்டே, நிறுத்தினால் "ம், அப்புறம்?" என்பாள்.

சஜீவனிக்கு அந்தக் கதை பிடித்ததற்கு ஒரே காரணம்தான். நாளைக்கு நடக்கப்போவது யாமினிக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்காத வயதில் இதைவிட ருசியான சங்கதி இல்லை. யாமினி ஒவ்வொரு முறையும் பெரியவர்களிடம் போய் "மதில் விழப்போகுது" என்பாள். அவர்கள் "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்பார்கள். மதில் விழும். அந்த இடம் வரும்போதெல்லாம் சஜீவனி துண்டுப் புத்தகத்தைத் தொடையில் அடித்து மகிழ்வாள்.

ஜீவராஜின் ஆராய்ச்சி வேறு.

"நம்ம லயத்துக்கு அந்த லிப்ட்டு வந்தா என்னா ஆகும் தெரியுமா? ஏறி, நூறு வருசம் பின்னாடின்னு அமுக்குவேன். கதவு தொறக்கும். பாத்தா, அதே காம்பரா. அதே தகரம். சரின்னு நூறு வருசம் முன்னாடி அமுக்குவேன். அதே காம்பரா, தகரத்துல மட்டும் துரு கொஞ்சம் கூட. லிப்ட்டு ஓடலன்னு நெனச்சு எறங்கி வந்துருவேன்."

"கக்கூசாவது மாறியிருக்கும்டா."

"மாறாது. கட்டுறதுக்குக் கல்லு நட்டிருப்பாங்க. கல்லுக்கு மால போட்டிருப்பாங்க. போட்டோ எடுத்திருப்பாங்க."

அநேகமாக ஒவ்வொரு மாதமும் ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கி, இன்னொரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தது. ஜனவரியின் கடைசி வரி "யாமினி கதவைத் திறந்தபோது உள்ளே" என்று நின்றது. பெப்ரவரியின் முதல் வரி "அமுக்கினாள். எருமைக்கு மஞ்சள் பூசினார்கள்" என்று ஆரம்பித்தது. சஜீவனி குழம்பினாள். ஜீவராஜ் குழம்பவில்லை.

"லிப்ட்டுல ஏறிட்டாடி. வாக்கியம் முடியிறதுக்குள்ள காலம் மாறிருச்சு. பெரிய எழுத்தாளருங்க அப்பிடித்தான் எழுதுவாங்க."

தோட்டம் முழுவதும் இந்த விளக்கம் பரவி, எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். கோயில் உபதேசியார் மத்தேயு மட்டும், காலம் கர்த்தருடைய கையில் இருக்கையில் ஒரு பெண்பிள்ளை அதில் கை வைக்கலாமா என்று கேட்டு, தேவதூஷணம் இருக்கிறதா எனப் பரிசோதிக்கப் பன்னிரண்டு மாதங்களையும் வாங்கிப் படித்தார். முதல் முறை பரிசோதனை. இரண்டாம் முறை ஏனென்று அவர் சொல்லவில்லை.

அந்த வருஷம் சஜீவனி வீட்டில் மே மாதம் மட்டும் படிக்காமல் நின்றுபோயிற்று. பண்டாரவளையில் யாரோ ஒருத்தி நாலு மாதமாக அதை அமுக்கி வைத்திருந்தாள். மேயை விட்டுவிட்டு ஜூனுக்குத் தாவி, இருவரும் டிசம்பர் வரை வந்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொட்டுகிற மழையில் ஜீவராஜ் பதுளைக்குப் போய் மேயைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். அட்டையில் கழுத்தைத் தூக்கி நிற்கும் ஒரு சேவல்.

டிசம்பரை அவன் முன்னாலேயே முடித்திருந்தான். சஜீவனிக்கு இன்னும் பாதி இருந்தது. அவன் வந்த கையோடு கம்பளிக்குள் புகுந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மேயைப் படித்து முடித்துவிட்டு, தனியாகச் சிரித்தான்.

"என்னாடா சிரிக்கிற? அருள் பொழைக்கிறானா?"

"சொல்ல மாட்டேன்."

"டேய், முடிவ மட்டும் சொல்லுடா."

"இன்னைக்குப் பாத்திரம் கழுவுறது என் மொற. நீ கழுவு. நாளைக்குக் காலையில சொல்றேன்."

சஜீவனி கழுவினாள். அரிசிச் சட்டி, ரொட்டிக் கல், மூன்று கோப்பை, அம்மா பருப்பை அடிப்பிடிக்க விட்ட தாச்சி. மழை பீலியில் விழும் தண்ணீரில், சாம்பல் போட்டு, விரல் விறைக்கக் கழுவினாள்.

ஞாயிறு காலையில் அம்மா பூசைக்குப் போனாள். ஜீவராஜ் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். அம்மாவின் குடை வளைவில் மறைந்ததும் வயிற்று வலி சுகமாகிவிட்டது. மேயை மறுபடி எடுத்தான்.

"பாத்திரம் கழுவியாச்சு. சொல்லு."

"ரெண்டாவது தடவ படிச்சிட்டு முழுசாவே தாறேன். சொன்னா கெட்டுப்போயிரும்டி. ஆனா ஒண்ணு சொல்றேன், நீ சிரிப்ப."

அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டு, டிசம்பரை எடுத்துக் குடைக்குள் செருகிக்கொண்டு, லயத்தின் கோடியில் இருந்த கக்கூசுக்குப் போனாள். அந்த வீட்டில் நிம்மதியாக வாசிக்கக் கூடிய ஒரே இடம் அதுதான். யாமினி மொட்டை மாடியில் நிற்கிறாள். லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: "யாமினி கண்களை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரே பொத்தானை"

மலை இறங்கியது அப்போதுதான்.

பிற்பாடு கேட்டவர்கள் எல்லாரிடமும் "வெளியில இருந்தேன்" என்றுதான் சஜீவனி சொன்னாள். நூறு வருஷமாக நின்ற லயத்து வீட்டுக் காம்பராக்களில் நாலு மண்ணோடு போய்விட்டன. யாரோ அரைகுறையாகக் கட்டி, கதவு வைக்க மறந்துபோன கக்கூஸ் நின்றது. ஜீவராஜை மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். மே கிடைக்கவில்லை.

ஒரு பாடசாலை மண்டபத்தில் எல்லாரையும் தங்கவைத்தார்கள். ஊர் ஊராக நிவாரணம் வந்தது. மதலேனாவுக்கு ஒரு கோட்டும் கழுத்துப் பட்டியும் கிடைத்தன. சஜீவனிக்கு ஒன்பது பற்தூரிகைகள். கொழும்பிலிருந்து வந்த ஒரு சிநேகமான பெண், பதினெட்டு வயசுப் பிள்ளையின் கையில் கலர் பென்சிலைக் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னாள். சஜீவனி ஒரு லிப்ட் வரைந்தாள். அந்தப் பெண் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது சவப்பெட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லங்க, லிப்ட்டு" என்றாள் சஜீவனி. அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தில் நிறைய எழுதிக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் கடவுள் சித்தம் என்றார்கள். நல்ல பிள்ளைகளைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வாராம். ஜீவராஜ் நல்ல பிள்ளை அல்ல என்பதற்குச் சஜீவனியிடம் பதினேழு வருஷச் சாட்சியம் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு பகல் பொழுது, மண்டபத்து மூலையில் பாயில் கிடந்தபடி, சத்தமாகவே சொன்னாள்.

"ஏமாத்திட்டுப் போயிட்டான்."

"என்னத்தடி ஏமாத்தினான்?" என்றாள் மதலேனா.

"முடிவச் சொல்றேன்னு அவன் மொறைக்கு என்னயப் பாத்திரம் கழுவ வச்சாம்மா."

மதலேனா மகள் பக்கம் திரும்பினாள். பிறகு, "தாச்சியுமா?" என்று கேட்டாள்.

"தாச்சியுந்தான்."

"அடிப்பிடிச்சிருந்திச்சே."

"அதத்தான் சொல்றேன்."

மதலேனா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்துப் பாயில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்றிலிருந்து சஜீவனிக்கு ஒரே ஒரு காரியம் வேண்டியிருந்தது. அருள் பிழைத்தானா இல்லையா? பிழைத்தான் என்றால் எப்படி? அது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உபதேசியார் மத்தேயு ஜெபம் சொல்ல வந்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பின்னும் சஜீவனி அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"உபதேசியார், மேயில என்னா நடக்குது?"

"என்ன மகளே? மே மாசம் மாதாவுக்கு வணக்க மாசம்."

"அந்த மே இல்லங்க. சேவல் போட்ட மே."

மத்தேயு இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் அத ஒரு கண்காணிப்புக்காகத்தான் படிச்சேன்."

"தெரியுங்க. ரெண்டு தடவ."

"மழ பெய்யிது. அந்தப் புள்ள யாமினி தெருவுல குடையோட நின்னு, 'அருள், வாடா, பஸ் போயிரும்'னு கத்துது. அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே ஓடி வாறான். ஒரு செருப்ப மாட்டிக்கிட்டு இன்னொன்னத் தேடுறான். ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டே பஸ்சுல ஏறுறாங்க. எனக்குக் கொஞ்சம் கண்ணு கலங்கிருச்சு, மகளே. லாசரு கல்லறையில இருந்து வந்த மாதிரி இருந்திச்சு."

"அப்ப உசுரோட இருக்கான்?"

"உசுரோட, வாய்க் கொழுப்போட."

"அது எப்பிடிங்க? டிசம்பர்ல ஒரு பொத்தான்தானே மிச்சம்? அத அமுக்கினா என்னா ஆச்சு? மதில் விழலையா? யாரு தடுத்தா?"

மத்தேயுவுக்கு அது தெரியவில்லை. கர்த்தருடைய வழிகள் விளக்கத்துக்கு அப்பாற்பட்டவை என்றார். இதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். ஒருமுறை கோயில் குழாயில் தண்ணீர் வராததற்கும் சொன்னார்.

ஜனவரியில் பாதை திறந்ததும் சஜீவனி பதுளைக்கு பஸ் ஏறினாள். கக்கூசிலிருந்து கையோடு வந்த டிசம்பர் பையில் இருந்தது. தண்ணீர்பட்டு உப்பி, இரண்டு மாதத் தடிப்பில் இருந்தது.

புவாத் நாநா அவளைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்தார். மேசையிலிருந்த பேனைகளை ஒழுங்குபடுத்தினார். ஏற்கெனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

"ஒக்காரு புள்ள. டீ சொல்லவா?"

"நாநா, மேய அவன்தான் வச்சிருந்தான். இப்ப..."

"அந்தப் பேச்ச எடுக்காத. கடதாசிதானே."

"அதில்லங்க நாநா. எனக்கு டிசம்பர் முடிஞ்சு மே எப்பிடித் தொடங்குதுன்னு தெரியணும். வேற கொப்பி இருக்கா? நீங்க படிச்சீங்களா?"

"நான் வெட்டினதோட சரி. றிப்காட்ட கேளு."

திரைக்குப் பின்னால் அவருடைய மகள் றிப்கா, ஒரு சமையல் புத்தகத்தை மூன்று துண்டாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சஜீவனியின் வயதுதான். அந்தக் கடையில் உள்ள எல்லாவற்றையும், வெட்டுக்கு முன்பே படித்தவள் அவள் ஒருத்தியே. சஜீவனி சொன்னதை ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"டிசம்பருக்குப் பொறகு ஏன் மே வாற?"

"மே மட்டுந்தானே பாக்கி. ஜனவரி, பெப்ரவரின்னு வரிசையாத்தானே படிச்சோம்."

றிப்காவின் முகம் மாறியது.

"அல்லாஹ். நீங்க எல்லாரும் மாசத்தப் பாத்தா படிச்சீங்க?"

"பின்ன?"

"வாப்பா கையில அம்புட்ட காலண்டர் தாளத் தூக்கித் தச்சார். ஜனவரி முந்தி, பெப்ரவரி பொறகு எண்டெல்லாம் பார்க்கல்ல. கோழிப் படம் கிழியாம ஈக்கா எண்டுதான் பார்த்தார். வாப்பா! இஞ்ச வாங்க!"

நாநா திரைக்குள் தலையை நீட்டினார். விஷயத்தைக் கேட்டார். "பக்கத்து நம்பர் ஈக்குமே" என்றார்.

"நம்பரத்தான் கீழோரம் எண்டு வெட்டிப் போட்டீங்களே."

"அது கோணலா ஈந்திச்சி" என்றார் நாநா, தலையை இழுத்துக்கொண்டே.

பதுளை மாவட்டத்தில் முப்பத்தேழு பேர் அந்தக் கதையைப் படித்திருந்தார்கள். ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. காலம் மாறும் கதை அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, தலைகீழாகவும் குறுக்காகவும் படித்து, அழுது, சிரித்து, சிபாரிசும் செய்திருந்தார்கள்.

இரண்டு பெண்களும், அன்றைக்குக் கடையில் இருந்த பத்து மாதங்களையும் பையில் வந்த டிசம்பரையும் தரையில் பரப்பினார்கள். ஒன்றின் வாலை மற்றதின் தலையோடு பொருத்திப் பார்த்தார்கள். செப்டெம்பர் "அருளின் செருப்பு ஒன்று மட்டும்" என்று முடிந்தது. ஏப்ரல் "மதிலின் இந்தப் பக்கம் கிடந்தது" என்று தொடங்கியது. ஜனவரியில் யாமினி திறந்த கதவுக்கு உள்ளே அக்டோபரில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் மிச்சமிருந்த ஒரே பொத்தானை பெப்ரவரியில் அமுக்கினாள். எருமை சாவகாசமாக மஞ்சளோடு வந்தது. ஒரு மணி நேரத்தில் கோழிகள் வரிசையாக நின்றன.

எல்லாத் தலைக்கும் வால் கிடைத்தது, ஜூலையின் தலைக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஜூலைக்கு முன்னால்தான் மே இருந்திருக்க வேண்டும். மேக்கு முன்னால் எதுவும் இல்லை.

"அப்ப மேதான் மொத அத்தியாயம்" என்றாள் றிப்கா.

சஜீவனி குந்தியபடியே இருந்தாள். குடையோடு தெருவில் கத்துவது, சட்டைப் பொத்தான், காணாமல் போன செருப்பு, எல்லாம் மதில் விழுவதற்கு முன்னால். ஒன்றும் நடக்காத ஒரு சாதாரணக் காலை. யாரும் யாரையும் காப்பாற்றவில்லை.

"அப்ப முடிவு எதுங்க?"

றிப்கா வரிசையின் கோடியில் இருந்த ஆகஸ்ட்டைக் காட்டினாள். அதைச் சஜீவனி எப்போதோ படித்திருந்தாள். லிப்டைத் திருத்திவிடுகிறார்கள். அது சாதாரண லிப்டாகிவிடுகிறது. யாமினி அதில் ஏறி, கீழ் மாடிக்குப் போய், பால் வாங்கிக்கொண்டு வருகிறாள். 'போனவர்களைப் போகவிடுவதுதான் வளர்வது என்று அவளுக்குப் புரிந்தது.' அதோடு சரி. இந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு முற்றும் என்று போடுவது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

முழுக்க வெறுமையாக அல்ல. சஜீவனி அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பென்சிலில், சாய்ந்த கிறுக்கலில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் எழுதியிருந்தது:

'எட்டாந் தடவையும் பெயில். கெழவி மாதிரிப் பேசுறா. அடுத்த லிப்ட்டுல ஏறுடி.'

வெகு நேரம் கழித்து றிப்கா சமையல் புத்தகத்தின் ஒரு துண்டை நீட்டினாள். மூக்கைத் துடைக்க அவள் கைக்கு அகப்பட்டது அதுதான். சஜீவனி அதைத் தள்ளிவிட்டு, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு அறுநூறு பக்கம் எழுதிய அந்த ஆளைப்பற்றி, தோட்டத்தில் பெண்பிள்ளைகள் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை சொன்னாள். றிப்கா அதை ஆமோதித்தாள். போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நாநா பலமாக இருமினார்.

"அவன் இத முடிவுன்னே நெனைக்கல" என்றாள் சஜீவனி. "அவனுக்கு டிசம்பருக்கு அப்புறம் மே. கடைசிப் பொத்தான அமுக்கினா, அருள் செருப்பத் தேடிக்கிட்டு ஓடி வாறான். அவன் படிச்ச கதையில அருள் பொழச்சிட்டான்."

"அது பிழையான வரிசதானே" என்றாள் றிப்கா, மெதுவாக.

"ஆமா."

நாநாவின் மச்சான் மறுபடி புடவைக்குப் போனார். றிப்கா ஆகஸ்ட்டிலிருந்து இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப, திருச்சிக் கடைக்காரர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். மார்ச்சில் சஜீவனிக்குத் தகவல் வந்தது. அவளும் மதலேனாவும் அப்போது தற்காலிகக் கொட்டில் ஒன்றுக்கு மாறியிருந்தார்கள். தற்காலிகம் என்றால் என்னவென்று ஜீவராஜ் இருந்திருந்தால் லிப்டை வைத்து விளக்கியிருப்பான்.

புத்தகம் புதுசு. பளபளப்பு அட்டை, பெயர், எழுதியவர் படம், கீழோரத்தில் பக்க எண்கள். நாநா அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒனக்குத்தான் புள்ள. வச்சிக்கோ. நல்லபடியா மொதல்ல இருந்து படி."

சஜீவனி வாங்கிப் பார்த்தாள். எழுதியவர் ஓர் ஆண். கன்னத்தில் கை வைத்து, தூரத்தில் எதையோ பார்த்து வளர்ந்துகொண்டிருந்தார். பெயரை அவள் வாசிக்கவில்லை. புத்தகத்தை நாநாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டுங்க நாநா."

"ஆ?"

"மொத அம்பது பக்கம். கீழ நம்பரயும் சேத்து வெட்டிருங்க. மே மாசத் தாள் ஒன்னு போடுங்க. பழைய செட்டு முழுசாகட்டும்."

அத்தனை புத்தகங்களை வெட்டிய மனிதர் அன்றைக்குத் தயங்கினார். "புதுசு புள்ள" என்றார். "மணக்குது பாரு" என்றார். பிறகு மெஷினில் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கைப்பிடியை இறக்கினார். கோழிக் காலண்டர் இப்போது கிடைக்கவில்லை. ஒரு மரக்கறி வியாபாரியின் காலண்டரில் மே மாதத்துக்கு வெலிமடை லீக்ஸ் கட்டு ஒன்று இருந்தது. அதைப் போட்டார்கள்.

"மிச்சம் ஐந்நூத்தம்பது பக்கத்த என்ன செய்ய?" என்றாள் றிப்கா. "தலையில்லாத முண்டம்."

"புடவைக் கட்டுக்கு நடுவுல வைக்கச் சொல்லுங்க."

"சரி. மத்த மாசத்துக்கெல்லாம் சரியான நம்பரப் போட்டுரவா? ஒண்டு, ரெண்டு எண்டு அட்டையில எழுதினா வாறவங்களுக்கு வெளங்கும்."

"எழுதினீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்."

றிப்கா அவளைப் பார்த்தாள். மார்க்கரை மூடி, மேசைக்கு அடியில் போட்டாள்.

சஜீவனி அம்மாவுக்குச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய், அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். றிப்கா வாசலிலேயே நின்றாள். குற்றம் செய்த முகம்.

"மே வெளிய போயிட்டு. லுணுகலப் புள்ள ஒண்டு, டிசம்பர முடிச்சிட்டு எட்டு மாசமா கேட்டுட்டு ஈந்திச்சி. இப்ப வந்து நிண்டா. இல்ல எண்டு சொல்லேலாமப் போச்சி. நீங்க இன்னம் படிக்கவும் இல்லயே. ஓடிப்போய் வாங்கிட்டு வரவா? பஸ் எடுத்திருக்காது."

"விடுங்க. அவ டிசம்பர் முடிச்சிட்டாளா?"

"ஓ."

"அப்ப சரி. எனக்கு அவசரமில்ல. மறுபடி மொதல்ல இருந்து வாறேன். ஜனவரி இருக்கா?"

ஜனவரி இருந்தது. வெள்ளைக் கோழி, காலில் கொஞ்சம் எண்ணெய்க் கறை. ஸ்பிரிங்வெளி பஸ்சில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மாவின் செருப்பை மடியில் வைத்து, அதன்மேல் ஜனவரியை விரித்தாள். பதினோரு மாதம் படிக்க வேண்டும். அதற்குள் லுணுகலைக்காரி மேயைத் திருப்பித் தராமலா போய்விடுவாள்? தந்தாலும் தராவிட்டாலும், தாச்சி கழுவியாகிவிட்டது. முடிவு இவளுக்கு வந்தே ஆக வேண்டும்.

முதல் வரி, பாதி வாக்கியத்தில் தொடங்கியது. அவள் குழம்பவில்லை.